உடனே புறப்படாதே

கரியாலூர்,
21-9-87, திங்கள்.

அன்பு மகன் இளஞ்செழியனுக்கு உன் அப்பா காசிநாதன் எழுதுவது. பூனாவில் நீயும் உன் மனைவி செவ்வந்தியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். இரண்டு வருஷம் கழித்து இப்போதுதான் அப்பனுக்குக் கை வந்ததா என்று நீ கேட்கலாம். கேள். ஆனால் இதைப் படித்து முடித்துவிட்டுக் கேள்.

முதலில் ஒரு விஷயம். நம்மூரிலிருந்து உனக்கு ஒரு தந்தி வரும். "ஃபாதர் சீரியஸ் ஸ்டார்ட் இம்மீடியட்லி" என்று அதில் இருக்கும். நீ கிளம்பக் கூடாது. செவ்வந்தியைக் கூட்டிக்கொண்டும் கிளம்பக் கூடாது, விட்டுவிட்டும் கிளம்பக் கூடாது. அது உன் தாய்மாமன் வீரமுத்து கொடுத்த தந்தி. அவன் அதைக் கொடுத்த அன்று நான் கரும்புக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தேன், எனக்கு ஒரு தும்மல்கூட இல்லை. உங்கள் இரண்டு பேரையும் ஊருக்கு வரவழைத்து வெட்டுவதற்காகக் கொடுத்த தந்தி அது. அவன் வாயாலேயே சொன்னதை நான் காதால் கேட்டேன். பின்னால் எழுதுகிறேன்.

இந்தக் கடிதம் தபாலில் வரவில்லை. இதைக் கொண்டுவந்து உன் கையில் கொடுப்பவர் உன் மாமனார் முனியன். கையில் கட்டோடு வாசலில் நிற்பவரைப் பார்த்துச் செவ்வந்தி பயந்துவிடுவாள். தீக்காயம்தான், ஆறிக்கொண்டு வருகிறது என்று முதலில் அவளிடம் சொல். அவரை உள்ளே உட்காரவைத்துச் சோறு போடு. அவர் வெளியில் குந்திக்கொள்ளப் பார்ப்பார், விடாதே. அதற்கப்புறம் மற்றதைப் படி.

அங்கே பேப்பரில் என்ன வந்ததோ தெரியாது. போன வியாழக்கிழமையிலிருந்து இங்கே ரோடு என்று ஒன்று கிடையாது. இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல். கேட்பதில் தப்பில்லை என்றுதான் நான் இன்றைக்கும் சொல்வேன். நம் ஜனத்தில் படித்துவிட்டு மாடு மேய்க்கிறவர்கள் எத்தனை பேர் என்று உனக்கே தெரியும். சங்கத்துக் கூட்டங்களுக்கு நானும் போனேன். முதல் நாள் காலையில் நம்மூர்க் கூட்டுரோட்டில் புளியமரத்தைச் சாய்த்தபோது கயிறு பிடித்து இழுத்தவர்களில் நானும் ஒருவன். கை கொப்பளித்துப் போயிற்று, சந்தோஷமாகத்தான் இருந்தது.

மத்தியானத்துக்குள் எல்லாம் வேறாகிவிட்டது. யாரோ ஒரு லாரியைக் கொளுத்தினார்கள். போலீஸ் வந்தது. கல் பறந்தது. வேட்டுச் சத்தம் கேட்டபோது நான் வாய்க்கால் பாலத்துக்குக் கீழே இறங்கிவிட்டேன். ஏறி வந்து பார்த்தால் கந்தசாமியின் பெரிய மகன் மரத்துக்கு இந்தப் பக்கம் விழுந்து கிடக்கிறான். உன்னோடு பள்ளிக்கூடத்துக்கு சைக்கிளில் வந்தானே, அவன்தான். தொடையில் குண்டு. என் துண்டை இறுக்கிக் கட்டினேன், நிற்கவில்லை. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு வண்டியில் போட்டுக்கொண்டு போகலாம் என்றால் எங்கே போவது? ஒரு பர்லாங்குக்கு ஒரு மரம், எல்லாம் நம் கையால் வெட்டிப்போட்டது. தண்ணீர் தண்ணீர் என்று கேட்டுக்கொண்டே, நாங்கள் சாய்த்த மரத்தின் மேலேயே தலையை வைத்துச் செத்துப்போனான். கந்தசாமி அழவில்லை, மரத்தைப் போட்டு உதைத்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, அந்தக் கோபத்துக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. போலீசைத் திரும்ப அடிக்க முடியாது. காலனிக்காரர்கள்தான் போலீசுக்குத் தகவல் கொடுத்தார்கள் என்று எவனோ ஒருவன் கிளப்பிவிட்டான். அந்த ஜனங்கள் இரண்டு நாளாகக் கூலி வேலைக்குக்கூட வெளியே வரவில்லை. பொழுது சாயும் முன் கும்பல் காலனிக்குள் போயிற்று. நான் என் களத்தில் நின்று பார்த்தேன். முதல் பந்தத்தை வைத்தவன் உன் மாமன். வைத்தது முனியன் வீட்டுக் கூரையில். நிதானமாக, அடுப்பு பற்றவைப்பவனைப் போல, குனிந்து ஊதிவிட்டு நகர்ந்தான். கேட்டது சர்க்காரிடம், எரித்தது முனியன் வீட்டை. வரிசையாகப் பிடித்துக்கொண்டு போயிற்று. ஆட்டைக் கட்டிப்போட்டவர்கள் கட்டிப்போட்டபடி ஓடினார்கள், அந்த ஆடுகள் கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது. முனியன் உள்ளே போய்ப் பக்கத்து வீட்டுக் கிழவியைத் தூக்கிக்கொண்டு வந்தபோதுதான் கை வெந்தது. நான் களத்திலிருந்து இறங்கிப் போய்க் கத்தினேன். என் தொண்டைக்கு யார் பயந்தார்கள்? எவனோ பின்னாலிருந்து தள்ளிவிட்டான், சகதியில் விழுந்தேன்.

சனிக்கிழமை காலையில் உன் அம்மா உன்னுடைய பாயையும் தலையணையையும் வெயிலில் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். யாருக்கு என்று கேட்டேன். ஊரே எரிந்து கிடக்கிறது, அவள் முகத்தில் ஒரு சந்தோஷம். "தம்பி நேத்து கள்ளக்குறிச்சிக்குப் போயி தந்தி குடுத்துட்டு வந்துட்டான்ங்க. உங்களுக்கு ஒடம்பு சரியில்லன்னு சொன்னாத்தான் புள்ள வரும். போனது போச்சு, ரெண்டு பேரையும் சேத்துக்கலாம்னு அவனே சொல்றான். நீங்க மூஞ்சத் தூக்கிக்கினு இருக்காதீங்க" என்றாள். போன தைக்கு நீ அவளுக்கு எழுதிய கடிதத்திலிருந்து விலாசத்தை எடுத்துக் கொடுத்தவளும் அவள்தான்.

உன் அம்மா அம்சவள்ளியை நீ குறை சொல்லக் கூடாது. நம் பக்கத்தில் பெண் பார்க்க, கூழ் ஊற்ற, பங்கு பிரிக்க, எதற்கும் அப்பனைப் படுக்கையில் போட்டுத்தானே தந்தி கொடுக்கிறோம். பட்டறையில் லீவு வாங்க நீயே என்னை எத்தனை தடவை சீரியஸ் ஆக்கியிருக்கிறாய். அவளும் அப்படித்தான் நினைத்தாள். ஆனால் முந்தின நாள் முனியன் கூரையில் நெருப்பு வைத்தவன், மறுபடி அவர் மகளைக் கூப்பிட்டுத் தலைவாழை இலை போடுவானா? அவன் மகளை உனக்குக் கொடுக்கப் பத்து வருஷம் காத்திருந்தவன். நீ செவ்வந்தியைக் கூட்டிக்கொண்டு போன அன்று ஊர் நடுவில் மீசையை மழித்துக்கொண்டவன். நொடியில் எனக்கு அவன் எண்ணம் புரிந்துவிட்டது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எஸ்.எஸ்.எல்.சி.யில் இங்கிலீஷில் கோட்டைவிட்டவன் நான். ஆனால் ஒரு இங்கிலீஷ் வார்த்தை எனக்குத் தெரிந்த அளவுக்கு உன் பட்டறை மானேஜருக்குக்கூடத் தெரியாது. இம்மீடியட்லி. ஊரில் யாருக்குத் தந்தி வந்தாலும் பிரிக்காமல் என்னிடம்தானே ஓடிவருவார்கள். உடனே, உடனடியாக என்று அகராதியில் போட்டிருக்கும். அகராதி எழுதியவன் நம்மூருக்கு வந்ததில்லை. தாலுகாபீஸ் காகிதத்தில் இம்மீடியட்லி என்று இருந்தால் ஆறு மாசம் என்று அர்த்தம். கரும்பு ஆலைக்காரன் இம்மீடியட்லி வெட்டு என்று எழுதினால் கரும்பு பூப்பூத்த பிறகு வெட்டலாம் என்று அர்த்தம். தந்தியில் வந்தால் மட்டும்தான் அந்த வார்த்தைக்கு உயிர் வரும். அது ஒரு உயிர் போன பிறகு வருகிற உயிர். செத்துவிட்டார் என்று நம் ஜனம் தந்தி கொடுப்பதில்லை. சீரியஸ் என்றுதான் கொடுப்பார்கள். சீரியஸ் மட்டும் இருந்தால் பார்த்துவிடலாம். கூட இம்மீடியட்லியும் இருந்தால் பொணத்தைக் கிடத்தியாகிவிட்டது, கொள்ளி வைக்க மகனுக்காகக் காத்திருக்கிறார்கள், இன்னும் ஒரு நாளைக்கு மேல் தாங்காது என்று அர்த்தம். அதைப் படித்ததும் நான் வாயைத் திறக்க மாட்டேன், ஆணியில் தொங்கும் சட்டையை எடுத்து மாட்டுவேன். நான் சட்டையைத் தொட்டாலே வந்தவர்கள் ஓ என்று அழ ஆரம்பித்துவிடுவார்கள்.

அதனால்தான் எனக்குப் பயம். அந்த வார்த்தையைப் பார்த்த பிறகு நீ யோசிக்க மாட்டாய். நான் உன்னை எப்படி வளர்த்தேனோ அப்படிக் கிளம்புவாய். செவ்வந்தி முழுகாமல் இருக்கிறாள் என்று முனியன் சொன்னார், அவளும் நானும் வருகிறேன் என்று உன்னோடு கிளம்புவாள். அவள் சுபாவம் எனக்குத் தெரியும், என் களத்தில் நெல் தூற்றிய பெண்தானே. பதிலுக்கு நான் ஒரு தந்தி அடித்து, "ஃபாதர் வெல், டோண்ட் ஸ்டார்ட்" என்று சொன்னால் என்ன ஆகும் என்றும் யோசித்தேன். எதுவும் ஆகாது. அதைப் பார்த்தால் நீ இன்னும் வேகமாகக் கிளம்புவாய். நல்லாயிருக்கார், வராதே என்று இரண்டாவது தந்தி வந்தால் அப்பன் காரியமே முடிந்துவிட்டது, பிள்ளை வழியில் மயங்கி விழக் கூடாதென்று பொய் சொல்கிறார்கள் என்றுதான் நம் ஜனத்தில் யாரும் எடுத்துக்கொள்வார்கள். நானே அப்படித்தான் நாலு பேருக்குப் படித்துச் சொல்லியிருக்கிறேன்.

ஆகவே தந்தி போகாமல் தடுத்தால்தான் உண்டு. சனிக்கிழமை காலையிலேயே வாய்க்கால் கரையோடு நடந்து கள்ளக்குறிச்சி தபாலாபீசுக்குப் போனேன். பாதிக் கதவு திறந்திருந்தது. உள்ளே ஒரே ஒரு கிளார்க், நல்ல மனுஷன். தந்திக் கம்பங்களையும் சேர்த்துச் சாய்த்துவிட்டதால் வெள்ளிக்கிழமை வாங்கிய தந்தி ஒன்றுகூடப் போகவில்லை, லைன் வந்ததும் வரிசையாக அடிப்போம், மரங்களை எடுத்துக் கம்பி இழுக்க வருகிற வாரம் முழுக்க ஆகும் என்றார். எனக்குப் போன உயிர் திரும்பியது. அந்தத் தாளைக் கொடுங்கள், நான்தான் அந்த ஃபாதர், நன்றாகத்தான் இருக்கிறேன் என்று மார்பைத் தட்டிக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. "நீங்க உசுரோட இருக்கீங்கன்னு தெரியுதுங்க. ஆனா குடுத்தவரு வந்து எழுதிக் குடுத்தாத்தான் நிறுத்த முடியும். அவரக் கூட்டிக்கினு வாங்க" என்றார். அவர் மேல் தப்பில்லை. நாளைக்கு எவனோ ஒருவன் வந்து யாருடைய தந்தியையும் கேட்டால் கொடுத்துவிட முடியுமா?

அதனால் வீரமுத்துவைத் தேடிப் போனேன். கூட்டுரோட்டில் அதே மரத்தின் மேல் உட்கார்ந்திருந்தான், கையில் அரிவாள். சுற்றிலும் இருபது முப்பது பேர். கந்தசாமி மகனின் ரத்தம் பட்டையில் கருத்துப்போயிருந்தது. வந்து தந்தியை நிறுத்து, மச்சான் என்று கெஞ்சித்தான் கேட்டேன். உன் அக்காவை நினைத்துப் பார் என்றேன். அவன் மறைக்கவே இல்லை. "வரட்டும் மாமா. ரெண்டு பேரும் வரட்டும். இந்த மரத்தாண்டதானே பஸ்ஸவுட்டு எறங்கணும். போலீசு எத்தினி பேர சுட்டான், ஜனங்க எத்தினி பேர வெட்னாங்கன்னு எவன் கணக்கு வெச்சிருக்கான்? இன்னும் ஒரு மாசத்துக்கு ரோட்ல எவன் செத்தாலும் போராட்டத்துல செத்தான்னு பூடும்" என்றான். செவ்வந்தி முழுகாமல் இருப்பது அவன் காதுக்கும் எட்டியிருக்கிறது, அவள் வயிற்றில் இருப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை சொன்னான். அதை எழுத மாட்டேன்.

என் சுபாவம் உனக்குத் தெரியும். செருப்பைக் கழற்றி முகத்திலேயே அடித்தேன். இரண்டாவது அடி ஓங்கும்போது அவன் எழுந்துவிட்டான். கழுத்துக்குத்தான் வீசினான், நான் விலகியதில் இடது விலாவுக்குக் கீழே பட்டது. வலி தெரியவில்லை, யாரோ சூடான தண்ணீரை வேட்டியில் ஊற்றியது போல இருந்தது. நான் விழுந்ததும் கூட்டம் கலைந்துபோயிற்று. நம் ஆட்கள்தான், மாமா, சித்தப்பா என்று என்னைக் கூப்பிடுகிறவர்கள்தான். ஒருவன்கூட நிற்கவில்லை. வீரமுத்துவும் அரிவாளை மரத்தில் கொத்திவிட்டுப் போய்விட்டான்.

கரும்புக்குள்ளிருந்து வந்தது முனியன். வீடு எரிந்ததிலிருந்து நம் கரும்புத் தோட்டத்தில்தான் ஒளிந்திருந்திருக்கிறார். வெந்த கையோடு என்னை இழுத்துக்கொண்டு போய், நம் வண்டியையே கட்டி, வைக்கோலில் கிடத்தினார். ஆஸ்பத்திரிப் பாதை முழுக்க வீரமுத்துவின் ஆட்கள். கிழக்கே தியாகதுருகம் வரைக்கும் அப்படித்தான், அது வீரமுத்து சொந்த ஊர். மேற்கே மலை மட்டும்தான் மிச்சம். ஓடை வழியாக வண்டியை ஓட்டிக் கோமுகி அணைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். அங்கே சந்தைக்கு வந்து மாட்டிக்கொண்ட மலைக்காரர்கள் சிலர் இருந்தார்கள். அதில் சின்னக்கண்ணு என்பவரிடம் நான் வருஷா வருஷம் கடுக்காயும் தேனும் வாங்குவேன். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கம்பில் போர்வையைக் கட்டித் தூளியில் போட்டு ஆள் மாற்றி ஆள் தூக்கினார்கள். நோயாளியை மலையிலிருந்து கீழே ஆஸ்பத்திரிக்கு இறக்குகிற தூளி அது. ஒரு ஆளை மேலே ஏற்றுவது இதுதான் முதல் தடவை என்று சொல்லிச் சிரித்துக்கொண்டார்கள். நானும் சிரித்தேன், சிரித்தால் வலித்தது.

இப்போது மலைமேல் கரியாலூரில், சின்னக்கண்ணு வீட்டில் இருக்கிறேன். அவர் மனைவி பச்சிலை அரைத்துக் கட்டியிருக்கிறாள். சாமைக் கஞ்சி கொடுக்கிறார்கள். வெளியே மழை. இந்தத் தாள் அவர் மகளின் பள்ளிக்கூட நோட்டில் கிழித்தது, அதற்கு அவள் என்னை முறைத்துக்கொண்டிருக்கிறாள். காயம் பெரிதாக ஒன்றும் இல்லை. வெள்ளிமலை, கருமந்துறை வழியாக ஆத்தூர்ப் பக்கம் இறங்கப் பாதை தெளிவாக இருக்கிறதா என்று பார்க்க ஆள் போயிருக்கிறது. ஆள் வந்ததும் முனியனைச் சின்னக்கண்ணு சேலம் வரைக்கும் கொண்டுபோய் ரயில் ஏற்றிவிடுவார். டிக்கெட்டுக்கு என் கடுக்கனைக் கழற்றிக் கொடுத்திருக்கிறேன். முனியன் ரயிலைப் பார்த்ததுகூடக் கிடையாது. உன் விலாசத்தை ஒரு தாளில் எழுதி அவர் சட்டைக்குள் வைத்துத் தைத்துவிட்டோம்.

செவ்வாய், காலை.

ஆள் வந்துவிட்டது. பாதை இருக்கிறது, சேலத்தில் ரயில் ஓடுகிறது. இன்னும் கொஞ்ச நேரத்தில் இவர்கள் இறங்குவார்கள். கம்பி இழுத்து லைன் வருவதற்குள் முனியன் உன்னிடம் வந்துவிடுவார். முந்திக்கொண்டு தந்தி வந்துவிட்டால் என்பதை நான் நினைக்கவே மாட்டேன்.

கையெழுத்து கோணலாக இருக்கிறது என்று பார்க்கிறாயா? நேற்று ஒன்றைக் குறைத்து எழுதினேன். காயத்தைப் பற்றி உன்னிடம் மூச்சு விடக் கூடாதென்று முனியனிடம் சத்தியம் வாங்கிவிட்டுத்தான் எழுதினேன். ராத்திரி யோசித்துப் பார்த்தேன், அந்த மனுஷனுக்குப் பொய் வராது. நீ இரண்டு தடவை கேட்டால் அழுதுவிடுவார், நீ பையைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடுவாய். அதைவிட நானே சொல்வது நல்லது. வெட்டு ஆழம். உள்ளே போயிருக்கிறது. வயிறு கல்லாக இருக்கிறது, காய்ச்சல் இறங்கவில்லை, கட்டைப் பிரித்தால் சின்னக்கண்ணு மனைவி முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள், பிறகு நான் பார்த்துவிட்டேனோ என்று பார்க்கிறாள். மாட்டுக்கு இப்படி வந்தால் நான் என்ன சொல்வேன் என்று எனக்குத் தெரியும்.

ஆகவே மகனே, வீரமுத்து பொய்யாகக் கொடுத்த தந்தி உன் கைக்கு வரும்போது உண்மையாக இருக்கலாம். இருந்தாலும் கிளம்பாதே. இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். பொய்த் தந்திக்கு நீ கிளம்பாமல் இருப்பாய், அது எனக்குப் பெரிதில்லை. மெய்யான தந்திக்கும் நீ அங்கேயே இருக்க வேண்டும். அவன் அந்த மரத்தின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறான். அப்பன் செத்தால் மகன் வந்துதான் தீர வேண்டும் என்று அவனுக்குத் தெரியும், அவனும் நம் ஜனம்தானே.

நீ சின்னப் பையனாக இருந்தபோது தாலுகாபீசிலிருந்து வந்த ஒரு காகிதத்தைப் படிக்கச் சொன்னேன். இம்மீடியட்லி என்றால் என்னடா என்றேன். "நடுவுல எதுவுமே வராம செய்யணும்பா, அதான் அர்த்தம், சார் சொன்னாரு" என்றாய். எனக்கு அது பிடித்திருந்தது. ஆனால் இப்போது நமக்கு நடுவில் எவ்வளவு கிடக்கிறது பார். வெட்டிப்போட்ட மரங்கள், கந்தசாமி மகன், எரிந்துபோன காலனி, உன் மாமன். இதையெல்லாம் தாண்டி யாராலும் உடனே வர முடியாது. வரவும் வேண்டாம்.

முனியனை அங்கேயே வைத்துக்கொள். ஊரில் அவருக்கு வீடு கிடையாது. நேற்று அவரிடம், என்னைச் சம்பந்தி என்று ஒரு தடவை கூப்பிடுங்கள் என்றேன். "வாய் வரலீங்க ஆண்ட" என்று தலையைக் குனிந்துகொண்டார். வராவிட்டால் போகட்டும். நீ அவரை அப்பா என்று கூப்பிடு, உனக்கு வாய் வரும். உன் அம்மாவுக்கு நீ சுகமாக இருப்பதாக ஒரு வரி எழுது, விலாசம் போடாதே. அந்தப் பாயை அவள் தினமும் காயப்போட்டுக்கொண்டுதான் இருப்பாள்.

கொள்ளிக்கு என்ன செய்வது என்றுதான் நீ யோசிப்பாய். நானும் அதைத்தான் யோசித்தேன். இங்கே மலையில் புதைக்கிறார்கள். சின்னக்கண்ணுவிடம் கேட்டேன், எங்கள் பக்கத்திலேயே இடம் இருக்கிறது என்றார். அவரோடு பேசி முடித்துவிட்டேன். நெருப்பு என்றால்தான் மகன் உடனே வர வேண்டும். மண்ணுக்கு அந்த அவசரம் கிடையாது. ஒரு வருஷம் ஆகட்டும், நாலு வருஷம் ஆகட்டும். குழந்தை பிறந்து, நடந்து, தன் காலால் மலை ஏறும் வயசு வந்த பிறகு, சேலம் வழியாக, ஆத்தூர்ப் பக்கமாக, மூன்று பேரும் நிதானமாக வாருங்கள். கரியாலூரில் யாரைக் கேட்டாலும் இடத்தைக் காட்டுவார்கள்.

நீயும் செவ்வந்தியும், பிறக்கப்போகிற பிள்ளையும் நீண்ட ஆயுசோடு இருக்க வேண்டும் என்று ஆசீர்வதிக்கிறேன். அவளை நான் மருமகள் என்று கூப்பிட்டதில்லை. இதைப் படிக்கும்போது அந்த வார்த்தையைச் சத்தமாகப் படி, அவள் காதில் விழட்டும்.

முனியன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறார்.

இப்படிக்கு,
உன் அப்பா,
காசிநாதன்.